1966 செவர்லே சி10: மூன்று கியர் பெட்டியை ஐந்து கியராக்கிய அனுபவம்

மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது என் பிக்கப்பின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,760 சுற்று சுற்றியது. அந்த எண்ணைக் குறைக்கத்தான் இந்த வேலை முழுவதும்.

வண்டி 1966 செவர்லே சி10. 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், அதாவது 4.1 லிட்டர். அந்தக் காலத்து கிராஸ் கணக்கில் (எஞ்சினைத் தனியாக வைத்து அளந்தது) 155 குதிரைத்திறன், 235 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). அந்த டார்க் முழுவதும் 1,600 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. இப்படி மெதுவாகச் சுற்றி இழுக்கவென்றே செய்த எஞ்சினைப் பெருவழிச்சாலையில் 2,700-க்கு மேல் ஓயாமல் ஓட்டுவது எனக்கு மனசே வரவில்லை. புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டுக் கட்டியிருந்தேன். ஆனாலும் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேச குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

பழைய பெட்டிக்கு லீவர் ஸ்டியரிங் தண்டில், மூன்று வேகம். முதல் கியர் 2.85 (எஞ்சின் 2.85 சுற்றினால் பெட்டியின் வெளி ஷாஃப்ட் ஒரு சுற்று), இரண்டாவது 1.68, மூன்றாவது நேரடி, அதாவது 1.00. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. சத்தம் இல்லை, கியர் மாறும்போது வேகத்தை ஒத்துவரச் செய்யும் சிங்க்ரோ எல்லாம் நன்றாகப் பிடித்தது. நான்காவது என்று ஒன்று இல்லாததுதான் பிரச்சினை.

கியர்பாக்ஸ் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் பெட்டியைத்தான் பார்க்கப் போகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் தொடங்கினேன், இரண்டு வாரம் வீணானது. முதலில் எண்ண வேண்டியது பின் ஆக்ஸிலின் கிரவுன்-பினியன் ரேஷியோவை, அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, பெட்டியிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை. தகடு இருந்தால் பார்க்கலாம். ஆனால் அறுபது வருட வண்டியில் யார் எதை மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது, கையால் எண்ணுவதே உத்தமம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். மற்ற சக்கரம் தரையில். கியர் நியூட்ரல். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் நிற்கும்போது மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால்தான் கிரவுன் வீல் ஒரு சுற்று வரும். இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றினேன். ஷாஃப்ட் நான்கு சுற்று முடித்து, கோட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போய் நின்றது. அந்தக் கொஞ்சம் சுமார் 40 டிகிரி, ஒரு சுற்றில் ஒன்பதில் ஒரு பங்கு. அப்படியென்றால் 4.11, அதாவது 37 பல் கிரவுனும் 9 பல் பினியனும். 3.73 ஆக இருந்திருந்தால் நான்கு சுற்றுக்குக் கால் சுற்று முன்னாலேயே நின்றிருக்கும். மூன்று முறை செய்து பார்த்துவிட்டுத்தான் நோட்டில் எழுதினேன்.

இனி கணக்கு எளிது. டயர் 28 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர் போகும். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,500 மீட்டர், சக்கரம் 671 சுற்று. அதை 4.11-ஆல் பெருக்கினால் டாப் கியரில் 2,760. வண்டியின் டேக்கோமீட்டரும் ஏறக்குறைய இதையே காட்டியது.

சரி, ஆக்ஸிலையே 3.07 ஆக மாற்றிவிட்டால் என்ன? எஞ்சின் சுற்றுக் குறைந்துவிடும். ஆனால் முதல் கியரின் மொத்த ரேஷியோ, 2.85 பெருக்கல் 4.11, இப்போது 11.7. ஆக்ஸிலை மாற்றினால் அது 8.7-க்கு இறங்கிவிடும். லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் நின்று கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் கிளட்ச்தான் அந்த வித்தியாசத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். நான் இந்த வண்டியில் மரமும் மணலும் ஏற்றுகிறவன். கீழே இழுவையும் வேண்டும், மேலே ஓய்வும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஓவர்டிரைவ், அதாவது 1.00-க்கும் குறைந்த ரேஷியோவில் ஒரு கியர், உள்ள பெட்டி மட்டும்தான்.

இந்த ஒரு முடிவிலேயே பட்டியலில் பாதி அடிபட்டுப் போனது. பழைய பிக்கப்காரர்கள் ஆசையாகச் சொல்லும் எஸ்எம்420 நான்கு கியர் பெட்டி 1967 வரை வந்த வண்டிகளுக்கு உரியது. இரும்புப் பெட்டி, முதல் கியர் 7.05. அதன் பின் வந்த எஸ்எம்465-ல் அது 6.55. இரண்டுமே அவ்வளவு சீக்கிரம் சாகாத பெட்டிகள். ஆனால் அந்த முதல் கியர் சேற்றிலிருந்து மீளவும் ஆள் நடை வேகத்தில் நகரவும்தான். சாலையில் எல்லோரும் இரண்டாவதில்தான் கிளம்புவார்கள். கடைசியில் கையில் இருப்பது மறுபடி மூன்று கியர், நான்காவது நேரடி 1.00. என் 2,760 அப்படியே இருக்கும். பண்ணைக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு இதைவிட நல்ல பெட்டி இல்லை. என் வண்டிக்கு இது பொருந்தாது.

அடுத்து என்வி4500. ஐந்து கியர், இரும்புக் கூடு, முதல் கியர் 5.61, ஐந்தாவது 0.73. கனரக பிக்கப்களுக்கென்று செய்தது, எடை மட்டும் 88 கிலோவுக்குப் பக்கம். அதோடு அதற்கென்று சொன்ன சிந்தெடிக் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். டீசலுக்கோ பெரிய வி8-க்கோ சரி. 235 பவுண்டு-அடி எஞ்சினுக்கு அது யானைக்குக் கட்டும் சங்கிலி. ட்ரெமெக்கின் டிகேஎக்ஸும் அப்படியே. 600 பவுண்டு-அடி தாங்கும் புதுப் பெட்டி, அருமையானது, எனக்கு அவ்வளவு தேவையில்லை.

கடைசியில் நின்றவை இரண்டு, என்வி3500-ம் டி5-ம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் அதிகம் யோசித்தேன்.

எண்களைப் பார்த்தால் என்வி3500-தான் பிக்கப்புக்குப் பொருத்தம். 4.02, 2.32, 1.40, 1.00, 0.73. படிகள் சீராக இருக்கின்றன, முதல் கியர் நல்ல இழுவை. ஆனால் அதன் பெல் ஹவுசிங், அதாவது எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு, பெட்டியோடு ஒன்றாக வார்த்தது, கிளட்ச் ஹைட்ராலிக். என் வண்டியில் பெல் ஹவுசிங்குக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சினின் பின்பாரம் அந்தக் காதுகள் வழியாகத்தான் ரப்பர் மேல் இறங்கி சேஸிஸில் உட்காருகிறது. கிளட்ச் பெடலிலிருந்து வரும் ராடும் குறுக்குத் தண்டும் அந்தப் பெல்லோடு சேர்ந்தே வேலை செய்கின்றன. பெல்லைக் கழற்றி எறிந்தால் எஞ்சினுக்குப் புதுத் தாங்கல், கிளட்சுக்குப் புது மாஸ்டர் சிலிண்டர், பெடலில் மாற்றம் என்று வேலை நீண்டுகொண்டே போகும். முடியாத வேலை இல்லை. ஆனால் வண்டியில் நல்ல நிலையில் இருக்கும் உறுப்புகளை வைத்துக்கொண்டு தேவையானதை மட்டும் மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

டி5 தனிப் பெட்டி. அலுமினியக் கூடு, எடை 34 கிலோவுக்குப் பக்கம், ஒரே ஆள் மார்போடு அணைத்துத் தூக்கிவிடலாம். பழைய ஜிஎம் பெல்லின் நான்கு போல்ட் துளைகளுக்கும் அப்படியே உட்காரும். பெல்லும் காதும் கிளட்ச் ராடும் இருந்த இடத்திலேயே இருக்கும். முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

ஆனால் டி5 என்பது ஒரே பெட்டி இல்லை, ஒரு பெரிய குடும்பம். எஸ்10 சின்ன பிக்கப்பில் வந்ததற்கு முதல் கியர் 4.03, உள் ஷாஃப்ட் ஒரு அங்குலம், 14 ஸ்ப்ளைன் (கிளட்ச் பிளேட் மாட்டும் பல்வரி). வி8 கமாரோவில் வந்ததற்கு முதல் கியர் 2.95, ஐந்தாவது 0.63, உள் ஷாஃப்ட் 1⅛ அங்குலம், 26 ஸ்ப்ளைன். அதில் 1988 முதல் 1992 வரை வந்தவை வேர்ல்டு கிளாஸ் என்ற மேம்பட்ட வகை. ஷாஃப்டின் மேல் சுற்றும் கியர்களுக்கு அடியில் நீடில் பேரிங், கீழ் ஷாஃப்டுக்குக் கூம்பு பேரிங். கமாரோ பெட்டியை எடுத்தால் என் கணக்கு இப்படி வந்தது: முதல் கியர் மொத்தம் 12.1, பழைய 11.7-ஐவிட ஒரு பிடி கூடுதல். ஐந்தாவதில் 2.59. அதாவது 90 கிலோமீட்டரில் 1,738 சுற்று. எஞ்சினின் முழு டார்க் கிடைக்கும் 1,600-க்குச் சற்று மேலே! இந்த எண் வந்தபோது நோட்டை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். இதே பெட்டியை 3.07 ஆக்ஸிலோடு போட்டிருந்தால் 1,300-க்கும் கீழே போய், லேசான மேட்டிலும் எஞ்சின் திணறியிருக்கும். ஆக்ஸிலை முதலில் எண்ணச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு சிக்கல் கியர் லீவர். கமாரோவின் லீவர் வெகுவாகப் பின்னால் இருக்கும். பெஞ்சு சீட்டு உள்ள பிக்கப்பில் அது நேராக சீட்டுக்கு அடியில் போய் முளைக்கும். அதோடு கமாரோவில் இந்தப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும், அதற்கேற்பவே பெட்டியின் பின்முனையில் வரும் வால் மூடியும் வார்க்கப்பட்டிருக்கிறது. பழைய பெல்லில் நிமிர்த்திப் பூட்டினால் தாங்கல் இடம் சாய்ந்துவிடும். இதற்கு வழி, எஸ்10 டி5-ன் வால் மூடி, மேல் மூடி, கியர் ராடு மூன்றையும் ஒரு செட்டாக எடுத்து இதில் போடுவது. லீவர் ஏறக்குறைய ஒரு சாண் முன்னால் வந்துவிடும். அட்டையில் வெட்டிய மாதிரியைத் தரையில் வைத்து, சீட்டில் உட்கார்ந்து, கையை நீட்டி மூன்று இடத்தில் பேனாவால் குறித்துப் பார்த்தேன். இரண்டாவது, நான்காவது கியர்களுக்குப் பின்னால் இழுக்கும்போது முட்டி சீட்டில் இடிக்கக் கூடாது. எஸ்10 மூடியோடு இடிக்கவில்லை.

பெட்டி வாங்கும்போது ஒரு விஷயம் நடந்தது. முதலில் பார்த்த பெட்டியை வேர்ல்டு கிளாஸ் என்று சொன்னார்கள். முன்பக்கம் கீழ் ஷாஃப்ட் இருக்கும் இடத்தைத் துடைத்துப் பார்த்தேன். வேர்ல்டு கிளாஸ் என்றால் அங்கே பேரிங்கின் வெளி வளையம் தெரிய வேண்டும். தெரிந்தது தட்டையான தகர மூடி, அதாவது பழைய வகை. மறுத்துவிட்டு வந்தேன். இரண்டாவது பெட்டியில் வளையம் தெரிந்தது, 1352 என்று தொடங்கும் எண் தகடும் வால் மூடி போல்ட்டில் இருந்தது. அதோடு விடவில்லை. ஐந்தாவது கியரில் போட்டு உள் ஷாஃப்டை ஒரு சுற்று சுற்றினேன். 0.63 என்றால் வெளி ஷாஃப்ட் ஒன்றரைச் சுற்றைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போக வேண்டும். 0.74 என்றால் ஒன்றேகாலைத் தாண்டியதும் நின்றுவிடும். தாண்டிப் போனது. எண் தகடு தொலைந்த பெட்டிக்கும் இந்தச் சோதனை போதும்.

பூட்டும் வேலை பாதி லேத்தில். என் பெல்லின் நடுத்துளை 5⅛ அங்குலம், பெட்டியின் பேரிங் கழுத்து 4.686 அங்குலம். நடுவில் ஒரு வளையம் வேண்டும், சுவர் தடிமன் சுமார் 5.6 மில்லிமீட்டர். வளையம் துளைக்குள் கையால் அழுத்தினால் போக வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. கிளட்ச் பிளேட் 26 ஸ்ப்ளைனுக்கு மாற்றியது. ரிலீஸ் பேரிங் புதுக் கழுத்தின் அளவுக்கு. எஞ்சின் கிராங்கில் பைலட் புஷ் புதிதாக அடித்தேன், உள் ஷாஃப்டின் மூக்கு அதில் போதிய ஆழம் நுழைகிறதா என்று அளந்துகொண்டேன்.

ஓர் அளவை மட்டும் முதல் முறை எடுக்கவில்லை. பெல்லின் நடுத்துளை கிராங்கின் மையத்தோடு நேராக இருக்கிறதா என்ற அளவு. பெல் இதே எஞ்சினில் ஓடிக்கொண்டிருந்ததுதானே என்று விட்டுவிட்டேன். பெட்டியைத் தூக்கிப் பூட்டி, ஓட்டிப் பார்த்தபோது கிளட்ச் முழுதாக மிதித்தும் ரிவர்ஸ் கரகரவென்றுதான் விழுந்தது. நான்காவதிலிருந்து காலை எடுத்தால் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்தது. கிளட்ச் ராடைச் சரிசெய்து பார்த்தேன், மாறவில்லை. மறுபடி கீழே படுத்து எல்லாவற்றையும் இறக்கினேன். புதிதாக அடித்த பைலட் புஷ் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி தேய்ந்து பளபளத்தது, எதிர்ப்பக்கம் தொடவே இல்லை. அதைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது.

கிளட்ச், பிளேட் எல்லாம் கழற்றி, ஃப்ளைவீலில் காந்த ஸ்டாண்டை ஒட்டி, டயல் கேஜின் முனையைப் பெல்லின் நடுத்துளை விளிம்பில் வைத்தேன். எஞ்சின் லேசாகச் சுற்ற ஆறு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டேன். கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்ற முள் மொத்தம் 0.018 அங்குலம் ஆடியது. மையம் விலகியது இதில் பாதி, 0.009. இருக்கக்கூடியது 0.005 வரைதான். இவ்வளவு சின்ன விலகல் என்று தோன்றலாம். ஆனால் உள் ஷாஃப்டின் ஒரு முனையைப் புஷ்ஷும் மறுமுனையைப் பெட்டியின் பேரிங்கும் பிடித்திருக்கின்றன, இரண்டும் வேறு வேறு மையத்தில் இருந்தால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைய முயன்றுகொண்டே இருக்கும். கிளட்ச் பிளேட் ஒட்டும், கியர் வெளியே துள்ளும்.

பெல்லை எஞ்சினில் சரியான இடத்தில் நிறுத்துவது டோவல் பின்கள். இதற்கென்றே மையம் தள்ளிய டோவல் பின்கள் உண்டு, 0.007, 0.014, 0.021 என்று மூன்று அளவில். பழைய டோவல்களை இழுத்துவிட்டு 0.007 அளவை இரண்டு பக்கமும் ஒரே திசை பார்க்கும்படி போட்டேன். எந்தத் திசையில் முள் அதிகம் காட்டியதோ அதற்கேற்ப ஸ்க்ரூடிரைவரால் பின்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பெல்லை முழு இறுக்கத்தில் பூட்டி அளக்க வேண்டும். ஐந்தாவது தடவையில் முள்ளின் மொத்த ஆட்டம் 0.004-க்கு வந்தது. ஒரு முழு நாள் போனது. இன்னொரு புது பைலட் புஷ். அதன் பின் பெட்டி பெல்லுக்குள் போன விதமே வேறு, கடைசி விரலளவு தூரத்தை முதல் முறை போல் போல்ட்டை இறுக்கி இழுக்க வேண்டியிருக்கவில்லை, கையால் தள்ளியதும் தானாகப் போய் உட்கார்ந்தது.

வாலுக்கு அடியில் தாங்கலே இல்லாத வண்டி இது. புதிதாக ஒரு கிராஸ் மெம்பர் வைத்தேன், வெல்டிங் இல்லாமல் போல்ட்டில். ரப்பர் மட்டும் மிருதுவானதாகப் பார்த்துப் போட்டேன். பழைய ஏணிச் சேஸிஸ் மேடுபள்ளத்தில் முறுக்கும், பெல் காதுகளில் ஏற்கனவே பிடித்திருக்கும் அலுமினியப் பெட்டியை வாலிலும் கல்லாகப் பிடித்தால் எங்காவது விரிசல் விடும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது அளந்து சுருக்கினேன், பெட்டிக்குள் நுழையும் அதன் முனை, யோக், உள்ளே முட்டாமல் 20 மில்லிமீட்டருக்கு மேல் இடம் விட்டு. பெட்டியின் சாய்வும் பினியனின் சாய்வும் ஒரு டிகிரிக்குள் இணையாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. வேர்ல்டு கிளாஸ் டி5-ல் கெட்டியான கியர் எண்ணெய் ஊற்றக் கூடாது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப்தான். பழைய வகை டி5-க்குத்தான் கியர் எண்ணெய். பெட்டி எந்த வகை என்று உறுதியாகத் தெரியாமல் ஊற்றினால் சிங்க்ரோ வளையங்கள்தான் பாதிக்கப்படும்.

இப்போது 2,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கியர்கள் இரண்டு விரலால் விழுகின்றன. 80 கிலோமீட்டர் வரை நான்காவதில் வைத்திருக்கிறேன். அங்கே ஐந்தாவது போட்டால் 1,545-க்கு இறங்கிவிடும், 1.00-லிருந்து 0.63-க்குப் போகும் படி பெரியது. 90 தாண்டியதும் ஐந்தாவது. டேக்கோமீட்டர் 1,750-க்குப் பக்கம் நிற்கிறது. எஞ்சின் சத்தம் போய், கண்ணாடி ரப்பர் வழியாகக் காற்று வரும் சத்தம் கேட்கிறது. அந்த ரப்பர் வீணாகிவிட்டது என்பதே இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பழைய மூன்று கியர் பெட்டியையும் ஸ்டியரிங் லீவரையும் சுத்தம் செய்து, எண்ணெய் தடவித் துணி சுற்றி ஷெட்டில் வைத்திருக்கிறேன். தரையில் லீவருக்காக வெட்டிய துளையும் சுருக்கிய ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் தவிர வண்டியில் திரும்ப முடியாத மாற்றம் எதுவும் செய்யவில்லை. யாராவது ஒரு நாள் அதை மறுபடி பூட்ட நினைத்தால் எல்லாம் அங்கேயே இருக்கும்.

மிச்சம் இருப்பது ஸ்பீடோமீட்டர். உண்மையில் 90 போகும்போது 99 காட்டுகிறது, பத்து சதவீதம் கூடுதல். வால் மூடியில் கேபிளைச் சுற்றும் சின்ன பிளாஸ்டிக் கியருக்கு இப்போது 20 பல். அதில் பத்து சதவீதம் கூட்டினால் 22. 22 பல் கியர் நேற்று வந்துவிட்டது, ஒரு போல்ட்டைக் கழற்றி மாற்றும் வேலைதான், ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும்.